அனுப்புநர் யார்? மின்னஞ்சல் தூண்டிலை அறிந்துகொள்வோம்

மாணவர்களே, மூடா ஆற்றங்கரையில் தூண்டில் போடுபவரைப் பார்த்திருப்பீர்கள். அவர் மீனைத் துரத்திக்கொண்டு ஓடுவதில்லை. முள்ளில் புழுவைக் குத்தித் தண்ணீரில் இறக்கிவிட்டுக் காத்திருக்கிறார். மீன் தானாகவே வந்து கவ்வுகிறது. அதன் கண்ணுக்குப் புழு மட்டும்தான் தெரிகிறது, முள் தெரிவதில்லை.

மின்னஞ்சலிலும் இப்படி ஒரு தூண்டில் உண்டு. அதன் பெயர் ‘பிஷ்ஷிங்’. மீன்பிடித்தலைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்தை மட்டும் மாற்றி அமைத்த பெயர் இது. 1990களில் அமெரிக்காவின் ஏஓஎல் இணையச் சேவையில் பிறர் கடவுச்சொல்லைத் தந்திரமாகக் கேட்டு வாங்கியவர்களின் வேலையைக் குறிக்க இச்சொல் பரவியது. தமிழில் ‘தூண்டில் மோசடி’ என்று சொல்லலாம். மலாயிலும் தூண்டில் என்ற பொருளில்தான் இதை அழைக்கிறார்கள்.

தூண்டில் மோசடி என்பது, நாம் நம்பும் ஒருவர் போலவோ ஒரு நிறுவனம் போலவோ வேடமிட்டுச் செய்தி அனுப்பி, நம் கடவுச்சொல்லையோ வங்கி விவரத்தையோ நம் கையாலேயே கொடுக்க வைப்பது. பூட்டை உடைக்கும் திருடனைவிட, சாவியை நம்மிடமே கேட்டு வாங்கும் திருடனுக்கு வேலை எளிது.

உங்களுக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

“எனக்கு வங்கியில் பணமே இல்லை. என்னிடம் எதைத் திருடப் போகிறார்கள்?” என்று நீங்கள் நினைக்கலாம். இரண்டு காரணங்களைச் சொல்கிறோம்.

முதலாவது, உங்களிடம் மின்னஞ்சல் கணக்கு இருக்கிறது. கல்வி அமைச்சு 2020 ஜூன் மாதம் தொடங்கிய டெலிமா தளத்தில் நுழைய மாணவர் ஒவ்வொருவருக்கும் ஓர் அடையாள முகவரி தரப்பட்டுள்ளது. பாடம், வீட்டுப்பாடம், ஆசிரியருடன் தொடர்பு என்று பலவும் அந்த ஒரே கதவு வழியாகத்தான். அந்தக் கணக்கு வேறொருவர் கைக்குப் போனால், உங்கள் பெயரில் உங்கள் நண்பர்களுக்கே அவர் தூண்டில் போட முடியும். நண்பன் அனுப்பியது என்று நம்பி அவர்களும் கவ்வுவார்கள்.

இரண்டாவது காரணம் அதைவிட முக்கியமானது. உங்கள் வீட்டில் கைப்பேசிக்கு யார் பொறுப்பு? பீடோங் பக்கத்துத் தோட்டமாக இருந்தாலும், கூலிம் தாமானாக இருந்தாலும், பல வீடுகளில் நடப்பது ஒன்றுதான். அப்பா தொழிற்சாலையில் இரவு வேலைக்குப் போயிருப்பார். பாட்டிக்குத் தமிழ் மட்டுமே படிக்கத் தெரியும். மலாயிலோ ஆங்கிலத்திலோ ஒரு செய்தி வந்தால், “ஐயா, இது என்னன்னு கொஞ்சம் பாரு” என்று கைப்பேசி உங்களிடம்தான் வரும். அந்தக் கைப்பேசியில் வங்கிச் செயலி இருக்கும். அதற்குள் தாத்தா பால் மரம் வெட்டிச் சேர்த்த பணமும், அப்பாவின் சேமநிதிப் பணமும் இருக்கலாம். நீங்கள் தொடும் ஓர் இணைப்பு, அந்தப் பணத்தின் கதவைத் திறந்துவிடும். ஆகவே இந்தப் பாடம் உங்களுக்காக மட்டுமல்ல; உங்கள் வீட்டுக்காகவும்தான்.

ஒரு கடிதத்தைப் படித்துப் பார்ப்போம்

இது நாமே உருவாக்கிய மாதிரி. ஆனால் உண்மையில் வரும் தூண்டில்களும் இந்த அச்சில்தான் இருக்கும்.

“அனுப்புநர்: டெலிமா உதவிப் பிரிவு. அன்புள்ள பயனாளரே, உங்கள் கணக்கில் சந்தேகத்திற்குரிய நுழைவு கண்டறியப்பட்டுள்ளது. 24 மணி நேரத்திற்குள் கீழே உள்ள இணைப்பைத் தொட்டுக் கடவுச்சொல்லை உறுதி செய்யாவிட்டால், உங்கள் கணக்கும் அதிலுள்ள எல்லாப் பாடங்களும் நிரந்தரமாக அழிக்கப்படும்.”

மேலே அமைச்சின் சின்னம் இருக்கும். கீழே அழகான நீலப் பொத்தான் இருக்கும். இதில் புழு எது, முள் எது?

‘24 மணி நேரம்’, ‘அழிக்கப்படும்’ என்ற சொற்கள் உங்களைப் பயமுறுத்தி அவசரப்படுத்துகின்றன. அவசரத்தில் மனிதர் யோசிப்பதில்லை. ‘அன்புள்ள பயனாளரே’ என்பதைக் கவனியுங்கள். அனுப்பியவருக்கு உங்கள் பெயர் தெரியாது. ஒரே கடிதத்தை ஆயிரக்கணக்கானோருக்கு அனுப்பியிருக்கிறார். சின்னம் எதையும் நிரூபிப்பதில்லை. இணையத்திலிருந்து ஒரு நொடியில் நகலெடுத்து ஒட்டிவிடலாம். நீலப் பொத்தான்தான் முள்.

எல்லாத் தூண்டிலும் பயமுறுத்துவதில்லை. சில ஆசை காட்டும். ‘வரிப் பணம் திரும்பக் கிடைக்கும்’, ‘அரசாங்க உதவித்தொகைக்கு இன்றே கடைசி நாள்’, ‘உங்கள் பொட்டலம் அஞ்சலகத்தில் காத்திருக்கிறது; சிறு தொகை மட்டும் கட்டுங்கள்’ என்று வரும். பயம், ஆசை, அவசரம், அதிகாரம் ஆகிய நான்கும்தான் புழுக்கள். ஒரு செய்தியைப் படித்ததும் நெஞ்சு படபடத்தால், அதையே முதல் எச்சரிக்கையாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மின்னஞ்சலால் ஏன் பொய் சொல்ல முடிகிறது?

‘டெலிமா உதவிப் பிரிவு’ என்று அனுப்புநர் பெயர் தெளிவாக வந்ததே, அது எப்படிப் பொய்யாகும் என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. இதற்கு மின்னஞ்சலின் வரலாற்றைக் கொஞ்சம் பார்க்க வேண்டும்.

1971-இல் ரே டாம்லின்சன் என்ற அமெரிக்கப் பொறியாளர் ஒரு கணினியிலிருந்து வலையமைப்பின் வழியாக இன்னொரு கணினிக்கு முதன்முதலாக மின்னஞ்சல் அனுப்பினார். முகவரியின் நடுவில் நாம் போடும் ‘அட்’ குறியைத் தேர்ந்தெடுத்தவரும் அவரே. 1982-இல் ஜான் போஸ்டல் என்பவர் ‘எஸ்எம்டிபி’ என்ற விதிமுறையை வெளியிட்டார். கணினிகள் ஒன்றுக்கொன்று அஞ்சலைக் கைமாற்றும் முறை அது. இன்றும் உலகின் மின்னஞ்சல் அதன் மேல்தான் ஓடுகிறது.

அந்தக் காலத்தில் வலையமைப்பில் இருந்தவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக ஆய்வாளர்கள். ஒருவரையொருவர் நம்பினார்கள். அதனால் ‘இந்தக் கடிதத்தை அனுப்பியவர் உண்மையிலேயே இவர்தானா?’ என்று சோதிக்கும் ஏற்பாட்டை அந்த விதிமுறையில் வைக்கவில்லை.

சாதாரணக் கடிதத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கடித உறையின் பின்புறம் ‘அனுப்புநர்: பள்ளி முதல்வர்’ என்று நீங்களே எழுதி, சுங்கைப் பட்டாணியில் ஓர் அஞ்சல் பெட்டியில் போட்டுவிடலாம். எழுதியவர் முதல்வர்தானா என்று பெட்டி கேட்குமா? கேட்காது. கடிதம் போய்ச் சேர்ந்துவிடும். மின்னஞ்சலில் தெரியும் அனுப்புநர் பெயரும் அப்படித்தான். அனுப்புபவர் தம் விருப்பப்படி தட்டச்சு செய்த வரி. போதாக்குறைக்கு, கைப்பேசித் திரை சிறியது என்பதால் பெயரை மட்டும் காட்டி உண்மையான முகவரியை மறைத்துவிடுகிறது. பெயரின் மேல் விரலால் தொட்டால்தான் முழு முகவரியும் தெரியும். இனி அதைத் தொட்டுப் பாருங்கள்.

கடாரத்து முத்திரையும் மின் முத்திரையும்

கடிதம் உண்மையானதா என்ற கேள்வி புதியதன்று. நம் கெடாவோடு தொடர்புடைய ஒரு பழைய சான்று இருக்கிறது. சோழர் காலத்தில் கடாரத்து அரசர் நாகப்பட்டினத்தில் சூடாமணி விகாரம் என்ற பௌத்தப் பள்ளியை எழுப்பினார். கடாரம் என்பது இன்றைய கெடா என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். அந்த விகாரத்திற்கு முதலாம் இராசராச சோழன் ஆனைமங்கலம் என்ற ஊரைக் கொடையாக அளித்தான். அவன் மகன் முதலாம் இராசேந்திரன் அதைச் செப்பேட்டில் பொறிக்கச் செய்தான். 21 ஏடுகள். அவற்றை ஒரு வளையத்தில் கோத்து, வளையத்தின் மேல் அரச முத்திரையைப் பதித்தார்கள். பின்னாளில் நெதர்லாந்தின் லெய்டன் பல்கலைக்கழகத்தில் வைக்கப்பட்டதால் இவற்றுக்கு லெய்டன் செப்பேடுகள் என்று பெயர் வந்தது.

முத்திரை எதற்கு? இரண்டு வேலைகளுக்கு. ஒன்று, இது அரசனின் ஆணைதான் என்று காட்ட. மற்றொன்று, வளையத்தை உடைக்காமல் நடுவில் ஓர் ஏட்டைச் செருகவோ உருவவோ முடியாதபடி காக்க.

இன்றைய மின்னஞ்சல் சேவைகளும் இதே இரண்டு வேலைக்கு ஒரு முத்திரை வைத்திருக்கின்றன. அதன் பெயர் டிகேஐஎம். அனுப்பும் நிறுவனத்தின் கணினி, கடிதத்தின் எழுத்துகளை வைத்து ஒரு கணக்குப் போட்டு, தன்னிடம் மட்டுமே உள்ள இரகசியச் சாவியால் அதன் மேல் ஒரு மின் கையொப்பம் இடுகிறது. அந்தச் சாவிக்கு இணையான பொதுச் சாவியை யாரும் பார்க்கும்படி இணையத்தில் வைக்கிறது. பெறும் கணினி பொதுச் சாவியைக் கொண்டு கையொப்பத்தைச் சோதிக்கிறது. கடிதத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் கணக்கு ஒத்துவராது.

இதனோடு இன்னும் இரண்டு ஏற்பாடுகள் உண்டு. ‘எங்கள் பெயரில் அஞ்சல் அனுப்ப இந்தக் கணினிகளுக்கு மட்டுமே அனுமதி’ என்று நிறுவனம் வெளியிடும் பட்டியல் எஸ்பிஎஃப். ‘சோதனையில் தேறாத கடிதத்தை என்ன செய்ய வேண்டும்’ என்று அது சொல்லும் கட்டளை டிமார்க். உங்கள் அஞ்சல் பெட்டியில் பல பொய்க் கடிதங்கள் நேராகக் ‘குப்பை அஞ்சல்’ பகுதிக்குப் போவதற்கு இவையும் காரணம்.

அப்படியானால் பிரச்சினை தீர்ந்ததா? இல்லை. மோசடிக்காரர் பத்து இருபது ரிங்கிட் கொடுத்துச் சொந்தமாக ஓர் இணைய முகவரி வாங்கி, அதற்கு முறையான முத்திரையும் வைத்துக்கொள்ளலாம். முத்திரை ‘இந்தக் கடிதம் இந்த முகவரியிலிருந்து வந்தது’ என்பதை மட்டும்தான் சொல்லும். அந்த முகவரிக்காரர் நல்லவரா என்று அதற்குத் தெரியாது. அதை நாம்தான் படித்து அறிய வேண்டும்.

முகவரியைப் பின்னாலிருந்து படியுங்கள்

இங்கே இணைய முகவரிகளைத் தமிழ் எழுத்தில் தருகிறோம். திரையில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

அஞ்சல் முகவரியில் சிறிய இடம் முதலில் வரும், பெரிய இடம் கடைசியில் வரும். ‘கோலாலம்பூர் ஸ்டோர், பாடாங் செராய், கெடா’ என்று ஒரு முகவரி இருந்தால், அந்தக் கடை எங்கே இருக்கிறது? பெயரில் கோலாலம்பூர் இருந்தாலும் கடை கெடாவில்தான் இருக்கிறது. கடைசிப் பகுதிதான் இடத்தைச் சொல்கிறது.

இணைய முகவரியும் அப்படியே. உள்நாட்டு வருமான வரி வாரியத்தின் முகவரி ‘ஹசில்.கவ்.மை’. கடைசியில் உள்ள ‘மை’ மலேசியா. ‘கவ்.மை’ அரசாங்க அமைப்புகளுக்கு மட்டுமே கிடைக்கும். அதற்கு இடப்பக்கம் உள்ள ‘ஹசில்’தான் உரிமையாளர் பெயர்.

இப்போது இதைப் பாருங்கள்: ‘ஹசில்.கவ்.மை.பணம்-திரும்ப.காம்’. முன்னாலிருந்து படித்தால் வரி வாரியம் போலத் தெரியும். பின்னாலிருந்து படியுங்கள். கடைசியில் ‘காம்’. அதற்கு முன்னால் ‘பணம்-திரும்ப’. ஆக, இதன் உரிமையாளர் ‘பணம்-திரும்ப.காம்’ என்பதை வாங்கிய யாரோ ஒருவர். முன்னால் உள்ள ‘ஹசில்.கவ்.மை’ வெறும் அலங்காரம், ‘கோலாலம்பூர் ஸ்டோர்’ போல.

இணைப்பு நீளமாக இருந்தால், தொடக்கத்தில் உள்ள இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். அந்தக் கோட்டிலிருந்து இடப்பக்கமாகப் படியுங்கள். கோட்டுக்கு வலப்பக்கம் என்ன எழுதியிருந்தாலும் அது முகவரியைத் தீர்மானிக்காது.

எழுத்துகளையும் உற்றுப் பாருங்கள். ஆங்கிலச் சிறிய எழுத்துகளில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்றால் ‘எம்’ போலத் தோன்றும். ‘ஓ’ இருக்க வேண்டிய இடத்தில் சுழியமும், ‘எல்’ இருக்க வேண்டிய இடத்தில் எண் ஒன்றும் உட்கார்ந்திருக்கலாம். ரஷ்ய மொழி எழுதப்படும் சிரில்லிக் எழுத்துமுறையில் ஆங்கில ‘ஏ’ போலவே தோன்றும் எழுத்து உண்டு. நம் கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கணினிக்கு வேறு வேறு.

பூட்டுப் படம் இருந்தால் போதுமா?

‘முகவரிக்கு முன்னால் பூட்டு இருந்தால் பாதுகாப்பான தளம்’ என்று முன்பு சொல்லிக்கொடுத்தார்கள். அது பாதி உண்மைதான். உங்கள் கணினிக்கும் அந்தத் தளத்துக்கும் இடையில் செல்லும் செய்தியை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதே பூட்டின் பொருள். தளமே திருடனுடையதாக இருந்தால், உங்கள் கடவுச்சொல் பத்திரமாகத் திருடனிடமே போய்ச் சேரும். மோசடித் தளங்களும் பூட்டு வாங்கிவிட்டன. பலர் தவறாகப் புரிந்துகொண்டதால், கூகுள் குரோம் உலாவி 2023-இல் அந்தப் பூட்டுப் படத்தையே எடுத்துவிட்டது.

ஓர் எழுத்துப் பிழை காத்த 2 கோடி டாலர்

ஒரே ஒரு மின்னஞ்சலால் என்ன ஆகிவிடும் என்று நினைப்பவர்கள் வங்காளதேச மத்திய வங்கிக்கு நேர்ந்ததைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

2015 ஜனவரியில் அந்த வங்கியின் ஊழியர்கள் சிலருக்கு மின்னஞ்சல் வந்தது. வேலை தேடும் ஒருவர் பணிவாக எழுதிய விண்ணப்பம். தம் தன்விவரத்தைப் பதிவிறக்கிப் பார்க்கும்படி ஓர் இணைப்பும் இருந்தது. குறைந்தது ஒருவராவது ஏமாந்தார். அதன் வழியாக வங்கியின் வலையமைப்புக்குள் நச்சு நிரல் நுழைந்தது. ஊடுருவியவர்கள் அவசரப்படவில்லை. ஏறத்தாழ ஓராண்டு உள்ளேயே பதுங்கியிருந்து, வங்கி எப்படிப் பணம் அனுப்புகிறது என்று கற்றுக்கொண்டார்கள்.

2016 பிப்ரவரி 4-ஆம் தேதி, வியாழக்கிழமை இரவு. வங்காளதேசத்தில் வெள்ளிக்கிழமை விடுமுறை. அந்த நேரம் பார்த்து, வங்காளதேச வங்கியின் பெயரில் நியூயார்க் பெடரல் ரிசர்வ் வங்கிக்கு 35 பணமாற்றுக் கட்டளைகள் போயின. மொத்தம் 95 கோடி டாலருக்கும் மேல். பெரும்பாலானவை தடுக்கப்பட்டன. ஆனால் 8 கோடியே 10 லட்சம் டாலர் பிலிப்பைன்ஸுக்குப் போய்விட்டது. அங்கே சீனப் புத்தாண்டு விடுமுறை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தப் பணத்தின் பெரும்பகுதி சூதாட்ட விடுதிகளின் வழியே மறைந்தது.

இன்னொரு 2 கோடி டாலர் இலங்கையில் ஓர் அறக்கட்டளையின் பெயருக்கு அனுப்பப்பட்டது. கட்டளையில் ‘ஃபவுண்டேஷன்’ என்ற சொல் ‘ஃபண்டேஷன்’ என்று பிழையாக எழுதப்பட்டிருந்தது. வழியில் இருந்த வங்கி அதைக் கவனித்து, ‘இது சரியா?’ என்று வங்காளதேச வங்கியிடம் விளக்கம் கேட்டது. 2 கோடி டாலர் தப்பியது.

இரண்டு ஆண்டுகள் கழித்து, 2018 மார்ச் 27-ஆம் தேதி, நம் நாட்டின் பேங்க் நெகாராவிலிருந்தும் இதுபோலப் பொய்யான பணமாற்றுக் கட்டளைகள் வழியே பணத்தை எடுக்க முயன்றார்கள். அம்முயற்சி முறியடிக்கப்பட்டது. பணம் எதுவும் இழக்கப்படவில்லை என்று பேங்க் நெகாரா அறிவித்தது.

இலங்கைக் கதையைக் கேட்டுவிட்டு, ‘எழுத்துப் பிழை இருந்தால் மோசடி, இல்லாவிட்டால் உண்மை’ என்று முடிவு செய்துவிடாதீர்கள். அது 2016. இன்று செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் பிழையில்லாத கடிதம் எழுதித் தருகின்றன. இனி வரும் தூண்டிலில் எழுத்துப் பிழையே இல்லாமல் போகலாம். அந்தப் பணத்தைக் காத்தது பிழை மட்டுமல்ல. ஒருவர் வேலையை நிறுத்தி, உரியவரிடம் கேட்டார். அந்தப் பழக்கம்தான் நமக்கு வேண்டும்.

வேறு வழியில் கேளுங்கள்

பாடத்தின் மையம் இதுதான். ஒரு செய்தி உண்மையா என்று அந்தச் செய்தியிடமே கேட்காதீர்கள். அதிலுள்ள இணைப்பும் தொலைபேசி எண்ணும் தூண்டில் போட்டவர் கொடுத்தவை. அந்த எண்ணை அழைத்தால், “ஆமாம், நாங்கள் வங்கிதான்” என்று அவரே பதில் சொல்வார். நீங்களாகத் தேர்ந்தெடுத்த வேறொரு வழியில் கேளுங்கள்.

வங்கி என்றால், வங்கி அட்டையின் பின்புறம் அச்சிட்ட எண்ணை அழையுங்கள். டெலிமா என்றால், பள்ளியில் அதைக் கவனிக்கும் ஆசிரியரிடம் நேரில் கேளுங்கள். வரி வாரியம் என்றால், முகவரியை உங்கள் கையால் உலாவியில் தட்டச்சு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். நண்பன் பணம் கேட்டு மின்னஞ்சல் அனுப்பினால், அவனைக் கைப்பேசியில் அழைத்துக் குரலைக் கேட்டுப் பேசுங்கள். உண்மையான செய்தி என்றால், பத்து நிமிடத் தாமதத்தால் எதுவும் கெட்டுவிடாது.

கடவுச்சொல்லுக்குத் துணை

எவ்வளவு கவனமாக இருந்தாலும் களைத்துப்போன ஒரு நாளில் எவரும் ஏமாறலாம். அதற்காகச் சில துணைகள் உண்டு.

கணக்குக்கு ஒரு கடவுச்சொல் வையுங்கள். எல்லாவற்றுக்கும் ஒரே சொல் என்றால், ஒன்று போனால் எல்லாம் போகும். நினைவில் வைக்க முடியவில்லை என்றால் கடவுச்சொல் மேலாளர் செயலியைப் பயன்படுத்துங்கள். அதில் இன்னொரு நன்மை உண்டு. மனிதக் கண் ஏமாறும். செயலி முகவரியை எழுத்து எழுத்தாக ஒப்பிடுகிறது. பொய்த் தளத்தில் அது கடவுச்சொல்லை நிரப்பாது. ‘ஏன் இன்று தானாக நிரம்பவில்லை?’ என்று தோன்றினால், உடனே நிறுத்திவிட்டு முகவரியைப் பாருங்கள்.

இரண்டு படிச் சரிபார்ப்பை இயக்கி வையுங்கள். கடவுச்சொல் திருடு போனாலும், இரண்டாவது படி இல்லாமல் திருடன் உள்ளே நுழைவது கடினம். ஆனால் குறுஞ்செய்தியில் வரும் டிஏசி எண்ணையும் பொய்த் தளம் கேட்டு வாங்கலாம். நீங்கள் எண்ணைத் தட்டும் அதே நொடியில் மறுபக்கத்தில் திருடன் அதை உண்மையான வங்கித் தளத்தில் தட்டுவான். இதனால்தான் குறுஞ்செய்தி எண்ணைக் கைவிட்டு, இன்னும் பாதுகாப்பான முறைக்கு மாறும்படி 2022-இல் பேங்க் நெகாரா வங்கிகளைக் கேட்டுக்கொண்டது. இப்போது பல வங்கிகள் சொந்தச் செயலியிலேயே ஒப்புதல் கேட்கின்றன. யார் கேட்டாலும் டிஏசி எண்ணைச் சொல்லக் கூடாது. நீங்கள் தொடங்காத பரிமாற்றத்துக்கு ஒப்புதல் பொத்தானையும் தொடக் கூடாது. இதைப் பாட்டிக்கும் சொல்லி வையுங்கள்.

சிக்கிவிட்டால் என்ன செய்வது?

முதலில் ஒன்றைச் சொல்கிறோம். ஏமாந்தவரைத் திட்டாதீர்கள். திட்டு வாங்கப் பயந்து பலர் பல நாள் மறைத்துவிடுகிறார்கள். பணம் அதற்குள் கைமாறிக் கைமாறிப் போய்விடுகிறது. நீங்களே ஏமாந்தாலும் உடனே வீட்டில் சொல்லுங்கள்.

வங்கி விவரம் போயிருந்தால், தாமதிக்காமல் வங்கியை அழையுங்கள். 997 என்ற எண்ணையும் அழையுங்கள். இது 2022 அக்டோபரில் தொடங்கிய தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் எண். காவல் துறை, பேங்க் நெகாரா, தொடர்பு பல்லூடக ஆணையம், வங்கிகள் எல்லாம் சேர்ந்து பணத்தின் பாதையைத் தடுக்க முயலும் இடம் அது. பிறகு அருகிலுள்ள காவல் நிலையத்தில் புகார் செய்யுங்கள்.

கடவுச்சொல் மட்டும் போயிருந்தால், வேறொரு கருவியிலிருந்து உடனே மாற்றுங்கள். ‘எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு’ என்ற வசதியைப் பயன்படுத்துங்கள். அதே சொல்லை வேறெங்கு வைத்திருந்தாலும் அங்கும் மாற்றுங்கள். உங்கள் பெயரில் வரும் செய்தியை நம்ப வேண்டாம் என்று நண்பர்களுக்கும் ஆசிரியருக்கும் சொல்லுங்கள்.

வந்த மின்னஞ்சலை அழித்துவிடாதீர்கள், அது சான்று. சைபர்செக்யூரிட்டி மலேசியாவின் ‘சைபர்999’ சேவைக்கு அதைத் தெரிவிக்கலாம்.

கழுதைக் கணக்கு: ஓர் எச்சரிக்கை

திருடிய பணத்தை மோசடிக்காரர் தம் சொந்தக் கணக்கில் வாங்குவதில்லை. பிறருடைய கணக்குகளின் வழியாகச் சுற்றவிடுகிறார். சுமை தூக்கும் அந்தக் கணக்குகளுக்கு நம் நாட்டில் ‘கழுதைக் கணக்கு’ என்று பெயர். ‘உன் வங்கி அட்டையைக் கொஞ்ச நாள் கொடு, சில நூறு ரிங்கிட் தருகிறேன்’ என்று எஸ்.பி.எம். முடித்த இளைஞர்களை அணுகுகிறார்கள். கொடுத்தவருக்கு மோசடி பற்றி ஒன்றும் தெரியாமல் இருக்கலாம். ஆனால் புகார் வந்தால் காவல் துறை முதலில் தேடி வருவது அவர் வீட்டுக்குத்தான். கழுதைக் கணக்குகளுக்கென்றே தண்டனைச் சட்டத்தில் 2024-இல் 424ஏ முதல் 424டி வரை புதிய பிரிவுகள் சேர்க்கப்பட்டுள்ளன. யாருக்காவது பணம் அனுப்பும் முன், அந்தக் கணக்கு எண்ணைக் காவல் துறையின் ‘செமாக் மியூல்’ தளத்தில் சோதித்துப் பார்க்கலாம்.

பயிற்சி

கீழே உள்ளவற்றைப் படித்து, நீங்கள் என்ன செய்வீர்கள் என்று எழுதுங்கள். பிறகு விடையைப் பாருங்கள்.

1. ‘எம்ஓஇ-டிஎல்.எடு.மை.கணக்கு-உதவி.காம்’ என்ற முகவரியிலிருந்து, கடவுச்சொல்லைப் புதுப்பிக்கும்படி மின்னஞ்சல் வருகிறது.

2. உங்கள் வகுப்புத் தோழியின் உண்மையான டெலிமா முகவரியிலிருந்தே, ‘நம் வகுப்புப் படங்கள், உடனே பார்’ என்று ஓர் இணைப்பு மட்டும் வருகிறது.

3. வங்கியிலிருந்து வந்தது போன்ற மின்னஞ்சலில் பிழையே இல்லை. இணைப்பைத் திறந்தால் பூட்டுப் படமும் இருக்கிறது. பயனர் பெயரையும் டிஏசி எண்ணையும் கேட்கிறது.

விடைகள்

1. பின்னாலிருந்து படித்தால் உரிமையாளர் ‘கணக்கு-உதவி.காம்’. டெலிமா முகவரி ‘எம்ஓஇ-டிஎல்.எடு.மை’ என்று முடிய வேண்டும். இது தூண்டில்.

2. முகவரி உண்மைதான், முத்திரையும் சரியாக இருக்கும். ஆனால் அவள் கணக்கு வேறொருவர் கையில் இருக்கலாம். இணைப்பைத் தொடாமல் தோழியிடம் நேரிலோ தொலைபேசியிலோ கேளுங்கள். அவள் அனுப்பவில்லை என்றால், உடனே ஆசிரியரிடம் சொல்லச் சொல்லுங்கள்.

3. பிழையின்மையும் பூட்டும் எதையும் நிரூபிப்பதில்லை. பக்கத்தை மூடிவிட்டு, அட்டையின் பின்புறம் உள்ள எண்ணில் வங்கியை அழைத்துக் கேளுங்கள்.

மாணவர்களே, இந்த வார இறுதியில் ஒரு சிறு வேலை செய்யுங்கள். வீட்டில் தாத்தா, பாட்டியின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர்கள் கைப்பேசிக்கு வந்த செய்திகளைச் சேர்ந்து படியுங்கள். எதையும் தொடும் முன் உங்களையோ அப்பா அம்மாவையோ கேட்கச் சொல்லுங்கள். வங்கியின் எண்ணையும் 997-ஐயும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி, எல்லார் கண்ணிலும் படும் இடத்தில் ஒட்டி வையுங்கள்.